செலியமேட்டில் ஒரு மதியச் சாப்பாடு

வில்லியனூரில் பஸ் ஏறியதிலிருந்தே என் பெட்டியைப் பற்றித்தான் பேச்சு.

"யாரோ கருவாடு எடுத்தாந்திருக்காங்கப்பா" என்றார் முன் சீட்டுக்காரர்.

"கருவாடு இப்பிடி நாறாதுய்யா. இது வேற இன்னாவோ" என்றாள் கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெண்.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெட்டிக்குள் இருந்தது ஒரு பாட்டில் மீன் சாறு, மீனை உப்பில் ஊறப் போட்டு வடித்தது. சைகோனில் இருந்துவிட்டு வந்தவர்கள் அதைச் சொட்டுச் சொட்டாகச் சோற்றில் விட்டுச் சாப்பிடுவார்கள். பிரான்சில் நான் இருக்கும் துலோனில் ஒரு வியத்நாம் கடையில் வாங்கி, புடவைகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தேன். வரும் வழியில் எங்கேயோ மூடி இளகிவிட்டது. சென்னையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார், மூக்கைப் பிடித்தார், ஒரு கேள்வியும் கேட்காமல் மூடிவிட்டார். அந்தப் பாட்டிலால் எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

அது 1979 ஆகஸ்ட். துலோனில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. வருஷம் முழுக்க நின்றபடி வேலை செய்து கால் நரம்பெல்லாம் புடைத்துப் போயிருந்தது. லீவு கிடைத்தால் காரைக்காலுக்குப் போய் அம்மா வீட்டில் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை. ஆனால் புறப்படுவதற்கு முன் அந்தோணி வந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவன். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. "செசிலி அக்கா, போற வழிதானே, எங்க ஊருக்குப் போய் ரெண்டு மூணு நாள் இருந்துட்டுப் போங்க" என்றான். அவன் தங்கை லூர்துமேரிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. அப்பா சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருக்கிறார். தங்கை என்ன நினைக்கிறாள் என்று கடிதத்தில் தெரியவில்லை. நேரில் பார்த்துச் சொல்ல ஒரு பெண் வேண்டும். மீன் சாறும் அவன் சொன்னதுதான். அப்பாவுக்கு அது இல்லாமல் சாப்பாடு இறங்காதாம்.

பாகூர் போகும் அந்த பஸ் கொஞ்ச தூரம் பாண்டிச்சேரியில் ஓடியது, கொஞ்ச தூரம் தமிழ்நாட்டில் ஓடியது, மறுபடி பாண்டிச்சேரிக்கு வந்தது. பிரெஞ்சுக்காரன் இங்கிலீஷ்காரனோடு சண்டை போட்டுப் பங்கு பிரித்த நிலம் அப்படிக் கந்தலாகத்தான் கிடக்கிறது. எல்லை எது என்று எனக்குப் பலகை பார்த்துத் தெரியவில்லை, சாராயக்கடை பார்த்துத் தெரிந்தது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு. பாண்டி மண் தொடங்கும் இடத்தில் முதல் கட்டடம் சாராயக்கடை. டிரைவர் வண்டியை நிறுத்தினார். பாதி பஸ் இறங்கிப் போனது. மீதிப் பேர் வெயிலில் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். போனவர்கள் திரும்பி வந்தபோது என் பெட்டியின் வாசனையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதற்கப்புறம் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். ஒரு கரும்பு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாகூரில் இறக்கிவிட்டார்கள். ஏரியில் தண்ணீர் இல்லை. ஆவணி மாதத்து வறட்சி. ஏரிக்குள் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

அந்தோணியின் அப்பா சவரிமுத்து எனக்காகக் காத்திருந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். நிமிர்ந்த முதுகு, வெட்டிவிட்ட மீசை. ஊரில் அவருக்குப் பெயர் சொல்தா. பட்டாளத்துக்காரர் என்பதற்குப் பிரெஞ்சிலிருந்து வந்த பெயர் அது. பெட்டியை வாங்கியவர் முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒடஞ்சிடுச்சாம்மா?"

"பாதி இருக்கு. மன்னிச்சுக்குங்க."

"பாதி இருந்தா ஆறு மாசம் ஓட்டுவேன், வாம்மா."

அவருடைய வீடு செலியமேட்டுச் சேரியின் முகப்பில் இருந்தது. சுற்றிலும் கூரைக் குடிசைகள். நடுவில் இது மட்டும் மாடி வைத்த காரை வீடு. மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது. மகள் லூர்து வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருபத்தைந்து வயது. ஒல்லியாக, அதிகம் பேசாதவளாக இருந்தாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் புடவைகளையெல்லாம் சோப்புப் போட்டு அலசிக் காயப் போட்டிருந்தாள். வருஷம் முழுக்க மற்றவர் துணியைத் துவைக்கிறவளுக்கு ஒருத்தி துணி துவைத்துப் போட்டால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே படுத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் சவரிமுத்து காப்பியில் நீள ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டார். வில்லியனூரிலிருந்து மகள் வாங்கி வரும் ரொட்டி. துலோன் ரொட்டி மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும். இது கை வைத்தால் அமுங்கியது. ஆனால் அவர் அதை உடைத்த விதம் அசல் துலோன்காரர்களைப் போலவே இருந்தது. சாப்பிட்டதும் வயலைக் காட்டுகிறேன் என்றார். கால் வலிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏரிக்கரையை ஒட்டிய வயல். சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்புக்கு நின்றது. பம்புசெட்டு அருகே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்ததும் அவராகவே சொல்லத் தொடங்கினார்.

"இது பெரிய வூட்டுக்காரங்க நெலம்மா. எங்கப்பாரு இதுல பண்ணையாளு. நானும் அவங்க மாட்டத்தான் மேச்சேன். பிரெஞ்சுக்காரன் காலத்துல ஊர்ல ராஜா யாரு? பிரெஞ்சுக்காரனா? அவன் மூஞ்சிய நாங்க எங்க பாத்தோம். இவங்கதான் ராஜா. எலெக்‌ஷன் வரும். எங்களுக்கும் ஓட்டு உண்டும்பாங்க. சாயங்காலம் போனா, உன் ஓட்டு போட்டாச்சு, வூட்டுக்குப் போம்பாங்க. ஒரு தடவகூட என் ஓட்ட நான் போட்டதில்ல."

"அப்புறம் எப்படிப் பட்டாளத்துக்குப் போனீங்க?"

"அவனுக்கு சண்டைக்கு ஆளு வேணும். பாகூருக்கு வந்து ஆள் எடுத்தான். மார்ப அளந்தான், பல்லப் பாத்தான். எந்தத் தெருன்னு கேக்கல. அதுக்காக அவனப் பெருசா சொல்ல மாட்டேன். சாகறதுக்குத்தான கூப்ட்டான். ஆனா கேக்கல பாரு, அது எனக்குப் புடிச்சிருந்துச்சு."

சைகோனில் பதினைந்து வருஷம். எழுதப் படிக்க அங்கேதான் கற்றுக்கொண்டார். திரும்பி வந்தபோது பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்திருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கெடு வைத்துக் கேட்டார்கள். ஊரில் பலருக்குக் கேட்டதே தெரியாது. தெரிந்த பெரிய மனிதர்கள், போகிற வெள்ளைக்காரனோடு நமக்கு என்ன என்று விட்டுவிட்டார்கள். சவரிமுத்து பென்ஷனை நினைத்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளைகளும் அப்பாவோடு பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள்.

அதற்குள் பெரிய வீட்டில் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். நிலம் துண்டு துண்டாக விலைக்கு வந்தது. சவரிமுத்து வாங்கினார்.

"நேரா எனக்கு விக்க பெரிய வூட்டுக்காரருக்கு மனசு வரல. கடலூர் வியாபாரி ஒருத்தர நடுவுல நிறுத்தி, அவருக்கு வித்து, அவருகிட்டருந்து நான் வாங்கினேன். யாருக்குப் போவுதுன்னு பெரிய வூட்டுக்காரருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரி இருந்துட்டோம்."

இப்போது அதே வீட்டிலிருந்துதான் சம்பந்தம் வந்திருக்கிறது. பையன் பெயர் குமரவேல். பி.காம். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறான். லூர்துவைக் கட்டினால் பிரான்சுக்குப் போகலாம். இந்தப் பக்கத்தில் அப்போது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண் என்றால் மாப்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஆனால் இப்படி ஒரு வாசலிலிருந்து இப்படி ஒரு வாசலுக்கு யாரும் வந்து நான் கேள்விப்பட்டதில்லை. துலோனில் நாங்கள் எல்லோரும் ஒரே மார்க்கெட்டில் மீன் வாங்குகிறோம். கல்யாணப் பேச்சு என்றால் மட்டும், "காரைக்கால்ல எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிழக்கா மேற்கா?" என்று சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். எனக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

"அவங்க இன்னா சொல்றாங்கன்னா, கல்யாணம் டவுன்ல ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம். ஊர்ல மேளம், சாப்பாடு, ஒண்ணும் வேணாம். ரெண்டு பேரும் அப்பிடியே ஏரோப்ளேன் ஏறிடட்டும்" என்றார் சவரிமுத்து. வயலைப் பார்த்தபடியே சொன்னார்.

"லூர்து என்ன சொல்றா?"

"அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. ஞாயித்துக்கெழம பையன், அப்பா, அம்மா மூணு பேரும் நம்ம வூட்டுக்கு வந்து கை நனைக்கணும். அப்புறம் எங்க வேணா கையெழுத்துப் போடறேன்னுட்டா."

சம்மதம் இல்லாத வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்கள் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். "வரேன்னுட்டாங்கம்மா" என்றார் அவர்.

அடுத்த நாள் லூர்துவோடு வில்லியனூருக்குப் போனேன். அவளுக்கு அரை நாள் பள்ளிக்கூடம். நான் மாதா கோயில் குளத்துப் படியில் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளி விட்டதும் அவள் அங்கே வந்தாள். வேர்க்கடலை வாங்கி வந்திருந்தாள். நான் நேராகவே கேட்டேன்.

"உனக்கு அவனப் பிடிச்சிருக்கா?"

கடலை உரித்து என் கையில் வைத்தாள்.

"அவன் கெட்டவன் இல்லக்கா. அவன் காலேஜ் போனப்பலருந்து ஒரே பஸ்லதான் வருவோம். நல்லாப் பேசுவான். நான் சொல்றத கேப்பான். அந்த மாதிரி கேக்கறவங்க கம்மி."

"அப்புறம் என்ன?"

"நம்ம ஊர் ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடி, ஒண்ணும் சொல்லாம பின் படிக்கட்டுக்குப் போயிடுவான். தெனமும். அத நான் ஒரு நாளும் கேக்கல. அதான் இப்ப கேக்கறேன்."

"வரேன்னு சொல்லிட்டாங்களே."

"வரட்டும்க்கா. அவன் ஒக்காந்தா நான் போறேன். நெஜமாத்தான் சொல்றேன். அப்பாவ விட்டுட்டுப் போறது கஷ்டம்தான். ஆனாலும் போறேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் மறுப்பதற்காகச் சாப்பாடு வைக்கவில்லை என்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அடுப்பு மூட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கூட நின்று தேங்காய் துருவினாள். நான் காய் நறுக்கினேன். மாங்காய் போட்ட சாம்பார், வாழைக்காய் வறுவல், கத்திரிக்காய்ப் பொரியல், ரசம், அப்பளம், பாயசம். கறி எடுக்கவில்லையா என்று கேட்டேன். "அவங்க கறி தின்றவங்கதான். ஆனா, கிருத்திக, விரதம்னு ஒரு சாக்கு சொல்ல எடம் குடுக்கக் கூடாதுல்ல" என்றாள்.

பெரிய வீட்டிலிருந்து சேரிக்கு நடந்தால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடலாம். அவர்கள் பாகூரிலிருந்து வாடகைக் கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த வெயிலிலும் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. முதலில் அப்பா இறங்கினார். சரிகைக் கரை வேட்டி, துவண்ட உடம்பு. அடுத்து அம்மா. கடைசியில் குமரவேல். அவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். லூர்துவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். முகம் நல்ல முகம்தான்.

பெரிய வீட்டுக்காரர் சவரிமுத்துவிடம் பேசிய விதத்தைக் கவனித்தேன். 'டா' போட்டுப் பழகிய வாய். இப்போது போட முடியாது. 'நீங்க' என்று சொல்லவும் வரவில்லை. அதனால் ஆளே இல்லாத வாக்கியங்களாகப் பேசினார்.

"வீடு எப்போ கட்டினது? பையன் எப்போ லீவுல வர்றதா உத்தேசம்? டிக்கெட்டெல்லாம் அங்கருந்தே ஏற்பாடு ஆயிடுமா?"

சவரிமுத்து ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆவுங்க" என்று நின்றுகொண்டே பதில் சொன்னார். சொந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். உட்காரவில்லை.

கூடத்தில் ஐந்து இலை போட்டிருந்தது. லூர்து வந்து, "கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

"நமக்கு டாக்டர் வெளியில சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றார் பெரிய வீட்டுக்காரர். "கலர் எதனா இருந்தா போதும்."

கடையில் விற்கும் கலர் சோடாவைத் தொட்டால் தீட்டு இல்லை. மூடி போட்டு வருகிறது. யார் கையும் உள்ளே படுவதில்லை. இனி கடைக்கு ஓட வேண்டுமே என்று நினைத்தேன். சவரிமுத்து உள்ளே போய், வாளித் தண்ணீரில் குளிர வைத்திருந்த கலர் பாட்டிலை எடுத்து வந்தார். முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார். லூர்து அப்பாவைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பாமல் பாட்டிலைத் திறந்தார்.

பெரிய வீட்டுக்காரர் கலரைக் குடித்துவிட்டு, "கொஞ்சம் காத்தாட உக்கார்றேன்" என்று சொல்லிக் காருக்குப் போய்விட்டார்.

குமரவேல் அதற்குள் வாசலில் கை கழுவியிருந்தான். ஈரக்கையோடு கூடத்து நிலைப்படியில் நின்றான். இலையைப் பார்த்தான், லூர்துவைப் பார்த்தான், காரைப் பார்த்தான். கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. லூர்து சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்பா தனியா ஒக்காந்திருக்காரு" என்றான். "பாத்துட்டு வந்துடறேன்."

போனான். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அவன் அம்மா அதுவரை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். இப்போது வந்து முதல் இலையில் உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். "போடும்மா" என்றாள்.

லூர்து பரிமாறினாள். அந்த அம்மா சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இது எந்த வயல் நெல்லு?" என்று கேட்டாள்.

"ஏரிக்கர வயல்தாம்மா" என்றார் சவரிமுத்து.

"அதான் பாத்தேன். கொஞ்ச வருஷமா கட அரிசிதான் எங்களுக்கு."

வெளியே ஹாரன் அடித்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பாயசத்தைக் குடித்து, மோரையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். குனிந்து தன் இலையைத் தானே எடுக்கப் போனாள். லூர்து கையைப் பிடித்துத் தடுத்தாள். "வெய்ங்கம்மா, நான் எடுக்கறேன்." மறுபடி ஹாரன். அந்த அம்மா லூர்துவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கார் போனது. பிறகு லூர்து, "பசிக்குதுக்கா" என்று சொல்லி, குமரவேலுக்குப் போட்ட இலையில் உட்கார்ந்தாள். தானே போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள். அழவில்லை. ரசம் சாப்பிடும்போது மட்டும் ஒரு தடவை நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காரம் என்றாள். ரசத்தில் காரமே இல்லை.

சாயங்காலம் பெரிய வீட்டு ஆள் வந்தான். பெண்ணுக்குச் சம்மதம் என்றால் ரெஜிஸ்டர் ஆபீசுக்கு நாள் பார்க்கலாம் என்று சொல்லச் சொன்னார்களாம். அவர்களைப் பொறுத்தவரை வந்து போனதே கை நனைத்த கணக்கு.

சவரிமுத்து மகளைப் பார்த்தார். "வந்தாங்களேடி. வாசல் வரைக்கும் வந்தாங்க. எங்கப்பாரு காலத்துல இத நெனச்சிகூடப் பாத்திருக்க முடியாது."

"வாசல் வரைக்கும் வந்தது உனக்குப் போதும்பா. நீ அவ்ளோ பாத்திருக்கே. நான் இன்னான்னு கேக்க மாட்டேன்" என்றாள் லூர்து. "ஆனா நான் அவங்கூட வூட்டுக்குள்ள இருக்க வேண்டியவ."

வந்த ஆளிடம் அவளே போய், முடியாது என்று சொல்லச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. சவரிமுத்து மாடிக்குப் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது இறங்கி வந்து, மகள் போட்ட சோற்றில் மீன் சாறு ஊற்றிப் பிசைந்து, "நாளைக்கி அறுப்புக்கு ஆள் சொல்லணும்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. கலர் பாட்டிலைப் பற்றி மகள் அவரிடம் கேட்பாள் என்று நினைத்தேன். நான் இருந்தவரை கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினேன். காரைக்காலுக்குப் போக, முதலில் கடலூர் போய்ச் சேர வேண்டும். லூர்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். சவரிமுத்து அறுப்பில் இருந்தார். பாகூர் பஸ் ஸ்டாண்டில் பெட்டியின் மேல் உட்கார்ந்து, துலோனில் அந்தோணியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெட்டி இன்னும் நாறியது. சொல்வதற்கு ஒன்றும் கஷ்டமில்லை, உன் தங்கை சரியாகத்தான் செய்தாள் என்று சொன்னால் போதும். அதைச் சொல்லக்கூடத் தெம்பில்லாத மாதிரி இருந்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் குமரவேலின் அம்மா. தலையில் முக்காடு போட்ட மாதிரி முந்தானையை இழுத்துவிட்டிருந்தாள். ஒரு துணிப்பையில் முறுக்கு கொண்டு வந்திருந்தாள். வழிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. எனக்குக் குடுத்து வெக்கல" என்றாள். "நீங்க அங்க நாலு குடும்பத்தப் பாக்கறவங்க. பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கற பொண்ணு வேற யாராச்சும் இருந்தா எம்புள்ளைக்குப் பாருங்கம்மா. எந்தத் தெருவா இருந்தாலும் சரி. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. வருவதற்கான சக்தி இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன்.

"அந்த வீட்லயும் இலை போட்டா உங்க பிள்ளை உக்காருவாராம்மா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

"அங்க, பிரான்சுக்கு வந்தா ஒக்காருவான்மா" என்றாள். "இங்கதான் அவனால முடியல."